சிறுவர் காலமும் முதியோர் காலமும்: புறப்பாட்டு ஒன்றை முன்வைத்துச் சில எண்ணங்கள்

திருமலையில் வைகுந்தம் வரிசை வளாகத்தின் அறையொன்றில் அமர்ந்து, அடுத்த கதவு எப்பொழுது திறக்கும் என்று காத்திருந்தவர்களுக்குக் காலத்தின் நீளத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நாமும் அவ்வாறு ஏறத்தாழ ஏழு மணி நேரம் அமர்ந்திருந்தோம். முடியிறக்குவதற்காக அழைத்துச் சென்றிருந்த நான்கு வயதுப் பெயரனும் உடனிருந்தான். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, "தாத்தா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவ்வளவில் அவனுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. நாம் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவன் கேட்டான்.

வேறுபாடு வீடு திரும்பியபின் வெளிப்பட்டது. அவன் பாட்டி, "எப்படியடா இருந்தது மலை?" என்று கேட்க, அவன் சொல்லத் தொடங்கினான். பேருந்து வளைந்து வளைந்து ஏறியது, தலையில் தண்ணீர் ஊற்றியது, முடி கீழே விழுந்தது, குரங்கு ஒன்று யாரோ ஒருவருடைய வாழைப்பழத்தைப் பிடுங்கியது, அறையில் பால் கொடுத்தது, மணி அடித்தது, இலட்டு இவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்லி, "அங்கே ரொம்ப நாள் இருந்தோம் பாட்டி" என்று முடித்தான். நாம் இருந்தது ஒரு பகலும் ஓர் இரவும். நம்மைக் கேட்டவர்களிடம் நாம் சொன்னது ஒரே செய்திதான்: ஏழு மணி நேரம் காக்கவைத்துவிட்டார்கள். அவன் கணக்கில் அந்த ஏழு மணி நேரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதில் எஞ்சியது பால் மட்டுமே.

இதனைக் குழந்தைப் பேச்சு என்று சிரித்துவிட்டு நகர்ந்திருப்போம். பின்னர் ஓர் ஆய்வுச் செய்தியைப் படிக்க நேர்ந்தது. அங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெசுட்டில் ஆய்வாளர் சிலர் நான்கைந்து வயதுக் குழந்தைகள், ஒன்பது பத்து வயதுச் சிறுவர், பதினெட்டு வயதிற்கு மேற்பட்டோர் ஆகிய மூன்று குழுவினருக்கு இரண்டு படத்துணுக்குகளைக் காட்டினர். இரண்டும் ஒரு நிமிடமே ஓடுவன. ஒன்றில் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிறைந்திருந்தன. மற்றொன்றில் ஒரே செயல் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. எது நீளமானது என்று வினவியபொழுது, பெரியவர்களுள் பெரும்பாலோர் ஒன்றும் நிகழாத துணுக்கே நீளமானது என்றனர். நான்கைந்து வயதினருள் பெரும்பாலோர் நிகழ்ச்சி நிறைந்ததே நீளமானது என்றனர். பள்ளியிற் சில ஆண்டுகள் பயின்ற ஒன்பது வயதினர் பெரியவர் பக்கமே சேர்ந்துவிட்டனர். 2023இல் வெளிவந்த முடிவு இது. குழந்தை, எதைப்பற்றி மிகுதியாகச் சொல்ல முடியுமோ அதனை நீளமானது என்கிறது; பெரியவர், எது தம்மை மிகுதியாகக் காக்கவைத்ததோ அதனை நீளமானது என்கிறார் என்பது அவ்வாய்வாளர் கருத்தின் சாரமாக நமக்குப் படுகிறது.

இவ்விரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ச் செய்யுட்களைப் புரட்டினால், அவற்றுள் இரண்டுமே நெடுங்காலமாகப் பயின்று வந்துள்ளமை புலனாகும். அதனினும் வியப்பானது, எது எங்கே பயில்கிறது என்பது.

அகத்திணையில் ஆட்சி செலுத்துவது பெரியவர் அளவுகோலே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்தது. முல்லைக்கு மாலையை உரிமையாக்கியது. அந்த மாலையில் நிகழ்வது யாது? ஒன்றுமில்லை. வரவேண்டியவன் வரவில்லை, அவ்வளவே. குறுந்தொகையில் மிளைப்பெருங்கந்தன் பாடிய தலைவி, கதிர் மறையும் வேளையை மட்டும் மாலை என்போர் மயங்கியவர் என்கிறாள். துணையில்லாதவர்க்குக் கோழி கூவும் விடியலும் மாலை, நண்பகலும் மாலை. சிறுபொழுதுகள் யாவும் தம் எல்லை அழிந்து ஒரே பொழுதாகி நீள்கின்றன. வள்ளுவரும் அவர்வயின் விதும்பல் என்னும் அதிகாரத்தில், சேய்மைக்கண் சென்றவர் வரும் நாளை எண்ணியிருப்போர்க்கு ஒரு பகல் ஏழு பகலின் அளவிற்கு நீள்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதே வள்ளுவர் நிலையாமையில் நாளினை உயிரை அறுக்கும் வாளாகக் காண்கிறார். காத்திருக்கும்பொழுது நகராத நாள், திரும்பிப் பார்க்கும்பொழுது அறுத்துக்கொண்டு ஓடிவிட்டிருக்கிறது. இரண்டு அதிகாரங்களுக்கும் முரண்பாடு இல்லை. இரண்டும் வளர்ந்தோர் கண்ட காலமே.

குழந்தை அளவுகோல் எங்கே உள்ளது? பிள்ளைத்தமிழில் என்று உடனே விடை கூறலாம். அவ்விலக்கிய வகையினை நாம் பெரும்பாலும் பக்திக்காகவும் சந்தத்திற்காகவும் போற்றுகிறோம். அதன் காலக்கணக்கை நின்று நோக்குவோர் குறைவு. பாட்டியல் நூல்களின் பொதுவழக்கின்படி மூன்றாம் திங்களிற் காப்பு. பின் இரண்டு திங்களுக்கு ஒன்றாகச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. அப்பால் ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறுபடும் மூன்று பருவங்கள். இருபத்தோராம் திங்களோடு பத்தும் நிறைந்துவிடுகின்றன. (இருபத்தொரு மாதக் குழந்தை சிறுதேர் உருட்டுமோ என்று நம் வீட்டுப் பாட்டிமார் ஐயுறக்கூடும். நூலுக்கு நூல் திங்கட்கணக்கு மாறுபடுவதும் உண்டு.) இதன் பக்கத்தில் உலா இலக்கியத்தின் கணக்கை வைத்துப் பார்ப்போம். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகப் பருவங்கள் ஏழு. அவ்வேழும் ஐந்து வயதிலிருந்து நாற்பது வயது வரை பரந்து கிடக்கின்றன. மங்கைப் பருவத்திற்கு ஈராண்டு. மடந்தைக்கும் அரிவைக்கும் தெரிவைக்கும் ஆறாறு ஆண்டு. பேரிளம்பெண்ணுக்கு ஒன்பது ஆண்டு. இரண்டாண்டு நிரம்பாத காலத்திற்குப் பத்துப் பெயர். முப்பத்தைந்து ஆண்டுக் காலத்திற்கு ஏழு பெயர்.

இது தற்செயல் அன்று என்பது நம் கருத்து. பிள்ளைத்தமிழின் பருவப்பெயர்களுட் பல செயலின் பெயர்கள். தலை நிமிர்த்து ஆடுதல், கை கொட்டுதல், முத்தம் தருதல், நடந்து வருதல், நிலவை விளையாட அழைத்தல். திங்களை எண்ணியது பாட்டியல் ஆசிரியனின் இலக்கணக் கணக்கு. செயலை எண்ணியது தாயின் கணக்கு. அதுவே குழந்தையின் கணக்கும் ஆகும். இன்றும் எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள்: "குழந்தைக்கு என்ன வயது?" என்றால், "இப்போதுதான் குப்புற விழுகிறான்" என்பாள்.

இக்கணக்கினை இழந்தவள் ஒருத்தியையும் தமிழ் அறியும். வேங்கடமலையில் ஏதேனும் ஒன்றாய்க் கிடக்க விழைந்து, படியாகவும் கிடக்க விழைந்தவர் குலசேகராழ்வார். பெருமாள் கோயில்களிற் கருவறை வாயிற்படியைக் குலசேகரன் படி என்றே வழங்குகிறோம். அவ்விழைவைப் பாடிய அதே பெருமாள் திருமொழியில், ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பலாக அமைந்துள்ளது. பெற்ற பிள்ளையைப் பிறந்த அன்றே பிரிந்தவள் அவள். மகன் வளர்ந்த பின்னர் அவன் இழந்த பிள்ளைமையை நினைந்து அழுகிறாள். எத்தனை ஆண்டு பிரிந்திருந்தேன் என்று அவள் கணக்கிடவில்லை. தாலாட்டவில்லை, தவழ்ந்து எழுந்து தளர்நடையிட்டுச் செம்மண் பூசிய உடம்போடு மார்பில் வந்து விழப் பெறவில்லை, சிறுவிரல்களால் அளைந்து உண்ட சோற்றின் மிச்சிலை உண்ணப் பெறவில்லை, இவையெல்லாம் யசோதை பெற்றாள். ஆண்டு ஒன்றுகூடச் சொல்லாமல் அத்தனை ஆண்டுகளின் எடையையும் நம்மீது ஏற்றிவிடுகிறார் ஆழ்வார். பிள்ளைத்தமிழ் பெரியாழ்வாரிடம் ஊற்றெடுத்தது என்று கூறுவது மரபு. குலசேகரரின் இப்பதிகத்தை அதன் மறுபுறம் எனலாம். பெரியாழ்வார் கண்ட பருவங்களையே தேவகி காணாத பருவங்களாக எண்ணுகிறாள்.

இதனை எழுதும்பொழுது நம் கண்முன் நிற்பது ஸ்ரீ சிட்டிச் சாலை. 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்து, எல்லைத் திருத்தத்தால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது சத்தியவேடு. அதனைச் சூழ்ந்து, 2008 முதல் எழுந்த தொழில்நகரம் ஸ்ரீ சிட்டி. வேலைமுறை மாறும் வேளைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் சிற்றூர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகச் செல்லும். அவர்களுட் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவோர் பலர். பிள்ளை முதலடி வைத்ததைப் பாட்டி கைப்பேசியிற் படம் பிடித்து அனுப்ப, இடைவேளையில் அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயைப் பேருந்தில் நாம் கண்டிருக்கிறோம். அவள் தமிழ் பேசினாளா தெலுங்கு பேசினாளா என்று கேட்கத் தோன்றவில்லை. குலசேகரர் பதிகத்தின் பொருள் அன்று நமக்கு விளங்கிய அளவிற்கு அதற்கு முன் எந்த உரையிலும் விளங்கியதில்லை.

இக்கால எழுத்தில் இவ்விரண்டு அளவுகோல்களும் நேருக்குநேர் மோதும் இடம் ஒன்று உண்டு: கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்னும் சிறுகதை. அப்பெயர் தாங்கிய தொகுதி 1970ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசினைப் பெற்றது. குழந்தைகளோடு பழகும் நல்லவர் ஒருவர் இருவருக்கு நாட்குறிப்பேடு அளிக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவனுக்கு அளிக்கவில்லை. அதனை அவர் பெரிதாக எண்ணவுமில்லை. அவருக்கு அது கடந்துபோன ஒரு நாள். சாரங்கனுக்கு அது கடக்கவே இல்லை. அவரைத் தன் வீட்டிற்கு அழைத்து உபசரித்து, தானே ஒரு நாட்குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித்தரக் கேட்கிறான் அவன். அன்பிற்கு ஏங்கிய குழந்தையின் கதை என்று இதனை அனைவரும் பாராட்டினர், சரியே. ஆயினும் அவன் கேட்ட பொருள் நாட்குறிப்பேடு என்பதைத் திறனாய்வாளர் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் நாட்களை எண்ணுவதற்காக வைத்திருக்கும் ஏட்டில், சிறுவன் ஒரே ஒரு நாளை நிலைநிறுத்தித் தரச் சொல்கிறான்.

இனி நாம் முதன்மையாகக் கூற விழைந்த பாட்டிற்கு வருவோம். புறநானூற்று 243ஆம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை. அவர் கையிலிருந்த பூணிட்ட கோலைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டனர் தொகுத்தோர். முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குவதே பாட்டு. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் ஆடும் சிறுமியரோடு கைகோத்தது, அவர்கள் தழுவியபோது தழுவி அசைந்தபோது அசைந்தது, நீரைத் தொடும்படி தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நின்றோர் மருள ஆழமான மடுவில் பாய்ந்தது, மூழ்கி அடியிலிருந்து மணலை அள்ளிவந்தது. அந்த இளமை இப்போது எங்கே உளதோ என்று கேட்கிறார், கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு இடையே சிலசொல் பேசும் முதியவர்.

இளமை நிலையாதது என்பதற்கு எடுத்துக்காட்டாக இப்பாட்டை மேடைதோறும் கூறி அதனைத் தேய்த்துவிட்டோம். அறிவுரைப் பாட்டாக இதனைக் கொள்வது பிழை என்றே நாம் கருதுகிறோம். நிலையாமையைக் கூற வந்தவர் குரங்குபோற் கிளையேறியதையும் மணல் எடுத்துக் காட்டியதையும் இத்தனை மகிழ்ச்சியோடு விரிக்க மாட்டார். அதனைப் பழிக்கவும் அவரிடம் ஒரு சொல் இல்லை. தொகுத்தோர் இதனைப் பொதுவியல் திணையிற் கையறுநிலைத் துறையில் வைத்தனர். கையறுநிலை என்பது மாய்ந்தவரைக் குறித்துச் செயலற்று இரங்குவது. இங்கே மாய்ந்தவர் எவர்? பாடுவோர் தாமே, தம்முள் இருந்த சிறுவனே. அவ்வகையில் துறை வகுத்தோர், மேடையில் முழங்கும் நம்மைவிட நுட்பமாகப் படித்துள்ளனர்.

பாட்டின் தொடரமைப்பை நோக்குக. சிறுவன் தானே செய்தவற்றைக் கூற ஏழு வினையெச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஏழாவதாகிய மூழ்குதலுக்குப் பின்னர்க் கைநிறைய மணலோடு மேலே வந்தபிறகுதான் இளமை என்னும் பெயர்ச்சொல் வருகிறது. அதுவரை நாம் மூச்சுவிட இயலாது. முதுமைக்கு வரும்பொழுது அவர் செய்வன எனக் கூறும் எச்சங்கள் இரண்டே: கோலை ஊன்றுதல், நடுங்குதல். இரண்டாவது செயலும் அன்று, உடம்பிற்கு நேர்வது. முதுமை எத்தனை ஆண்டுகளாக நீள்கிறது என்று நாம் அறியோம். இளமையைவிட நெடியதாகவே இருந்திருக்கும். ஆயினும் அது பாட்டின் இறுதியில் மூன்றடிக்குள் அடங்கிவிடுகிறது. எதைப்பற்றி மிகுதியாகச் சொல்ல முடியுமோ அதுவே நீண்டது என்னும் நான்கு வயதுக் குழந்தையின் அளவுகோலை இம்முதியவர் கையிலெடுத்துத் தம் வாழ்நாளையே அளந்துள்ளார்.

ஆண்டு ஏற ஏறக் காலம் விரைகிறது என்பதற்கு மேலைநாட்டில் ஒரு கணக்கு உண்டு. பிரெஞ்சு அறிஞர் பால் சானே 1877இல் கூறியது: பத்து வயதினனுக்கு ஓராண்டு வாழ்நாளிற் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதினனுக்கு ஐம்பதில் ஒரு பங்கு, ஆதலாற் குறுகித் தோன்றுகிறது. கேட்டவுடன் மனத்தைக் கவரும் கணக்கு. 1890இல் தம் உளவியல் நூலில் இதனை எடுத்துக்காட்டிய வில்லியம் சேம்சு, இது நிகழ்வதை வருணிக்கிறதேயன்றிக் காரணம் காட்டவில்லை என்று கருதினார். இளமையில் ஒவ்வொரு நாளும் புதியதொன்றைத் தருகிறது, பின்னர் நாட்கள் ஒன்றுபோலாகி நினைவில் உருத்தெரியாமற் கலந்துவிடுகின்றன என்று விளக்கினார். செருமனியில் மார்க் விட்மனும் உடனாய்வாளரும் பதினான்கு வயதுமுதல் தொண்ணூற்று நான்கு வயதுவரை 499 பேரை வினவி 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒருவாறு பொருந்துகிறது. கழிந்த வாரத்தையோ மாதத்தையோ கேட்டால் இளையோருக்கும் முதியோருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கழிந்த பத்தாண்டு எவ்வாறு சென்றது என்று கேட்டால்தான் வயதோடு விரைவும் கூடுகிறது. அதாவது, ஓடுவது காலம் அன்று. அதைப்பற்றிச் சொல்ல இருப்பது குறைகிறது. இருமலுக்கிடையே சில சொல்லே உடையவராகத் தம்மைக் கூறிக்கொண்ட புலவர் இதனை அறிந்தே கூறினாரா என்று நாம் அறுதியிட்டுரைக்க முடியாது. ஆயினும் சொல் குறைந்ததை அவர் தம் முதுமையின் அடையாளமாகக் கூறியது கவனத்திற்குரியது.

இங்கு ஒரு தடை எழும். வறுமையிலும் நோயிலும் வளர்ந்த குழந்தைக்கும் இளமை இவ்வாறு நிறைந்திருக்குமா? மடுவிற் பாய்ந்தவன் மட்டுமே இவ்வாறு பாட முடியும். மாடு மேய்க்கவும் சூளையிற் கல் சுமக்கவும் விடப்பட்டவன் பாடுவானா? நேரிய கேள்வி. புறநானூறு அதற்கு விடை தரவில்லை. சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளின் வாழ்வைத் தெலுங்கிற் கதைகளாக எழுதிய நாமினி சுப்பிரமணியம் நாயுடுவைப் படித்தால் ஒருவாறு விடை கிடைக்கும். வறுமை அங்கே உண்டு. நாட்களின் நிறைவும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. ஆயினும் இந்தத் தடையை நாம் முற்றிலும் நீக்கிவிட்டதாகக் கூறமாட்டோம்.

புலவர் தம் இளமைக்குத் தந்த அடைமொழியையும் கருத வேண்டும். அதனைக் கல்வியறியாத இளமை என்கிறார். விளையாட்டன்றி வேறு பயிலாத பருவம் என்று இதனை விளக்கலாம். குறை கூறுவதாகக் கொள்வோரும் இருக்கலாம். புடாபெசுட்டு ஆய்வைப் படித்தபின் அச்சொல்லை நாம் வேறாகவே கேட்கிறோம். ஒன்பது வயதினர் பெரியவர் பக்கம் சேர்ந்தது பள்ளிமணிக்குப் பழகிய பின்னர். அதற்கு முன்னதாகிய, காலத்தை அளக்கக் கல்லாத பருவத்தையே இவர் இழந்துவிட்டார்.

இப்பகுதிச் சிறுவர்க்குச் சுள்ளூர்ப்பேட்டைப் பக்கம் மாடிகளில் ஏறி நின்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி எழுவதைக் காணும் பழக்கம் உண்டு. 2023 சூலை 14 அன்று சந்திரயான் மூன்று எழுந்தபொழுது நாமும் ஒரு மாடியில் நின்றோம். பெரியவர்கள் கைப்பேசியைப் பார்த்து நொடிகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தனர். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி மட்டும் எண்ணாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகைக்கோடு கலைந்து நாம் கீழிறங்கிய பின்னரும் அவள் வரவில்லை. அழைத்ததற்கு, "இன்னும் முடியலை, தாத்தா" என்றாள்.

புறப்பாட்டில் இன்னும் ஒரு சொல் எஞ்சியுள்ளது. பாட்டு 'இப்போது' என்னும் பொருள்படத் தொடங்குகிறது. நாள், திங்கள் என்று காலத்தை அளக்கும் சொல் எதுவும் பின்னர் அதில் இல்லை. யாண்டு என்னும் சொல் மட்டும் ஓரிடத்தில் வருகிறது. சங்கத்தமிழில் அச்சொல்லுக்கு ஆண்டு என்றும் பொருளுண்டு, எங்கே என்றும் பொருளுண்டு. முதியவர் அதனை எங்கே என்னும் பொருளில் வைத்துள்ளார். தம் இளமை கழிந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அது எவ்விடத்தில் இருக்கிறது என்றே கேட்கிறார்.